பழைய காரின் பின் ஆக்ஸில் ஷாஃப்டை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றும் பழைய காரின் பின்னால் குனிந்து பார்த்தால், நடுவில் பூசணிக்காய் போல ஒரு உருண்டை இருக்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் சக்கரம் வரை இரும்புக் குழாய்கள் போகும். உருண்டைக்குள் இருப்பது டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சினின் சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரக் கூட்டம். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு எஃகுத் தண்டு ஓடுகிறது. அதுதான் ஆக்ஸில் ஷாஃப்ட். உள்முனையில் இருக்கும் பல்வரிசைக்கு ஸ்பிளைன் என்று பெயர், அது டிஃபரன்ஷியல் பல்சக்கரத்துக்குள் செருகி நிற்கும். வெளிமுனையில் தட்டையான வட்டத் தகடு, அதாவது ஃபிளேஞ்ச். பிரேக் டிரம்மும் சக்கரமும் அதன்மேல்தான் உட்காருகின்றன.

இந்த வேலையில் இறங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் காரில் இந்த ஷாஃப்டை வெளியே வராமல் பிடித்து வைத்திருப்பது எது? இது தெரியாமல் ஸ்பானரைக் கையில் எடுக்காதீர்கள். பல கார்களில் சக்கரம் கழன்று ஓடாமல் இருப்பதற்கு அந்த ஒரு பிடிப்பைத் தவிர வேறு காரணம் கிடையாது. எந்தப் பிடிப்பு என்று தெரியாமல் சுத்தியால் இழுத்து அடிப்பவர்கள் ஷாஃப்டோடு சேர்த்து டிஃபரன்ஷியலையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு வகைகள் அதிகம் புழங்குகின்றன. முதலாவதில் பிடிப்பு சக்கரத்துப் பக்கம் இருக்கும். ஷாஃப்டின்மேல் ஒரு பேரிங்கை இறுக்கி ஏற்றி, அது நகராமல் ஒரு காலர் வளையத்தையும் அழுத்தி ஏற்றியிருப்பார்கள். அந்தப் பேரிங்கை ஒரு தகடு மூடி, 4 நட்டுகளால் ஆக்ஸில் குழாயின் முனையோடு பிணைத்திருக்கும். இதைத் தகடு வகை என்று சொல்லிக்கொள்வோம். இரண்டாவதில் பிடிப்பு நடுவில், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும். ஷாஃப்டின் உள்முனையில் ஒரு காடி, அந்தக் காடியில் ஒரு பக்கம் வாய் திறந்த சின்ன வளையம். இதைக் கிளிப் வகை என்போம். ஃபோர்டின் புகழ்பெற்ற 9 அங்குல ஆக்ஸில் தகடு வகை. அதே நிறுவனம் பின்னால் கொண்டுவந்த 8.8 அங்குல ஆக்ஸில் கிளிப் வகை. ஆகவே காரின் கம்பெனியை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்.

மேனுவல் கிடைக்கவில்லை என்றால் உருண்டையைப் பாருங்கள். பின்பக்கம் போல்ட் போட்டுக் கழற்றக்கூடிய மூடி இருந்தால் கிளிப் வகையாக இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் உறுதி இல்லை. உருண்டையின் பின்பக்கம் மூடியே இல்லாமல் வழவழப்பாக இருந்து, டிஃபரன்ஷியல் முழுவதும் முன்பக்கமாகக் கழன்று வரும் அமைப்பு என்றால், அநேகமாகத் தகடு வகை. டிரம்மைக் கழற்றிய பிறகு சந்தேகம் மீதி இருக்காது. ஃபிளேஞ்சுக்குப் பின்னால், பிரேக் ஷூ பொருந்தியிருக்கும் தகட்டின் நடுவில் 4 நட்டோ போல்ட் தலையோ இருந்து, அவற்றின்கீழ் பேரிங்கை மூடும் தகடும் தெரிந்தால் தகடு வகை. எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் மட்டும் தெரிந்தால் கிளிப் வகை.

இன்னும் இரண்டு அமைப்புகள் உண்டு. கனமான வண்டிகளில் சக்கரத்தின் நடுவில் ஒரு மூடியும் அதைச் சுற்றி வட்டமாக போல்டுகளும் இருக்கும். அங்கே பாரத்தைச் சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பே சுமக்கிறது, ஷாஃப்ட் சுழற்றும் வேலையை மட்டும் பார்க்கிறது. போல்டுகளைக் கழற்றினால் ஷாஃப்ட் வந்துவிடும், சக்கரத்தைத் தூக்கக்கூட வேண்டாம். சில பழைய கார்களில் ஃபிளேஞ்ச் தனியாகவும் ஷாஃப்ட் முனை கூம்பு வடிவிலும் இருக்கும்; நடுவில் ஒரு பெரிய நட்டு. அந்த ஹப்பைப் பிரிக்க, பிடித்து இழுக்கும் நல்ல புல்லர் கருவி வேண்டும். இழுக்கும்போது நடு நட்டை முழுவதும் கழற்றாமல் சில சுற்றுகள் விட்டுவையுங்கள். கூம்புப் பிடி விடும்போது ஹப் துப்பாக்கிக் குண்டு போலத் தெறிக்கும். பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் உள்ள கார்களின் வேலை முற்றிலும் வேறு. இங்கே சொல்பவை அவற்றுக்குப் பொருந்தாது.

ஷாஃப்ட்தான் கெட்டிருக்கிறதா?

முழுதாக உடைந்திருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். எஞ்சின் ஓடும், கியர் விழும், சுழற்சியை முன்னாலிருந்து டிஃபரன்ஷியலுக்குக் கொண்டுவரும் புரொபெல்லர் ஷாஃப்ட் அடியில் சுற்றும், கார் மட்டும் நகராது. சாதாரண டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் தடை குறைவோ அந்தப் பக்கம் சுழற்சியை அனுப்பிவிடும், உடைந்த பக்கத்தில் தடையே கிடையாது. இந்த நிலையில் கியரில் போட்டு நிறுத்தினாலும் கார் நிற்காது, சரிவில் உருண்டுவிடும். இதை மனதில் வையுங்கள்.

உடையாமல் தேய்ந்திருந்தால் முதலில் பேசுவது பேரிங். வேகத்தோடு கூடும் ஒரு உறுமல் கேட்கும். காலியான அகலச் சாலையில் மெதுவாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடச் சக்கரத்தில் விழும், அப்போது சத்தம் கூடினால் இடப்பக்கப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். டயர் சத்தம் அப்படி மாறாது, சாலையின் பரப்பு மாறினால்தான் மாறும். இன்னொரு அடையாளம், சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் வழிந்திருப்பது. அதைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில், அதாவது சீல் போய்விட்டது. தண்ணீர் போல மெல்லியதாக இருந்தால் பிரேக் ஆயில், அப்போது கோளாறு வேறு இடத்தில்.

சீல் ஒழுகினால் ஷாஃப்டைக் குற்றம் சொல்வதற்கு முன் ஆக்ஸில் குழாயின்மேல் இருக்கும் சின்ன காற்றுத் துளையைப் பாருங்கள். அது சேறு அடைத்துப் போயிருந்தால், ஓடும்போது உள்ளே சூடாகும் காற்று போக வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். புது சீல் போட்டு ஒரே மாதத்தில் மறுபடி ஒழுகும் கார்களில் பலமுறை இந்தத் துளையைத்தான் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. உள்ளும் புறமுமாக லேசான அசைவு இருப்பது கிளிப் வகையில் இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

என்னென்ன வேண்டும்

ஜாக்கி, உறுதியான 2 ஸ்டாண்டுகள், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கட்டைகள், சாக்கெட் செட், நீளமான கைப்பிடி, நட்டைச் சொன்ன அளவுக்குச் சரியாக முடுக்க உதவும் டார்க் ரெஞ்ச், இழுத்து அடிக்கும் ஸ்லைடு சுத்தி, சீல் பிடுங்கும் கொக்கி, ரப்பர் சுத்தி, எண்ணெய் பிடிக்க அகலத் தட்டு, நீளமான காந்தக் குச்சி, பிரேக் கிளீனர், பழந்துணி, கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை. ஸ்லைடு சுத்தி, டார்க் ரெஞ்ச் இரண்டையும் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம். ஸ்டாண்டை மட்டும் சொந்தமாக, நல்லதாக வாங்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் தலையை நீட்டுவதற்கு எந்த அவசரமும் நியாயம் ஆகாது.

பொருட்களில் புது ஷாஃப்ட், புது பேரிங், புது சீல், தகடு வகைக்குப் புதுக் காலர், மூடிக்குப் பேக்கிங் அல்லது சிலிக்கான் பசை, கியர் ஆயில். ஷாஃப்டைப் புதிதாகப் போட்டுவிட்டுப் பழைய சீலையே விட்டுவைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சீல் ஒழுகினால் எண்ணெய் நேராகப் பிரேக் ஷூவில் போய் விழும், ஒரு பக்கப் பிரேக் வேலை செய்யாமல் போகும்.

ஷாஃப்ட் வாங்கும்போது எந்தப் பக்கம் என்று சொல்லி வாங்குங்கள். பல கார்களில் டிஃபரன்ஷியல் சரியாக நடுவில் இருக்காது, அதனால் இடது வலது ஷாஃப்டுகளின் நீளம் வேறுபடும். ஸ்பிளைன் பற்களை எண்ணுங்கள். 28 பல், 31 பல் இரண்டும் சந்தையில் அதிகம், ஒரே குடும்ப ஆக்ஸிலிலேயே இரண்டும் உண்டு. முடிந்தால் பழையதைக் கழற்றிய பிறகு புதியதை வாங்கி, இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்திப் பாருங்கள். நீளம், பற்களின் எண்ணிக்கை, பேரிங் உட்காரும் இடத்தின் விட்டம், சக்கர போல்டுகளின் இடைவெளி ஆகிய நான்கும் அச்சாகப் பொருந்த வேண்டும்.

தூக்கி நிறுத்துதல்

இந்த இடத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. காரைக் கியரில் போட்டுவிட்டுப் பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால், கியர் காரைப் பிடித்து நிறுத்தும் என்று நினைப்போம். நிறுத்தாது. தரையில் இருக்கும் சக்கரம் முன்னால் உருள, தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுற்றிக்கொள்ளும். டிஃபரன்ஷியல் அதற்கு இடம் கொடுக்கும். ஹேண்ட்பிரேக்கோ பெரும்பாலான கார்களில் பின்சக்கரத்தில்தான் வேலை செய்கிறது, டிரம்மைக் கழற்ற அதையும் விடுவித்தாக வேண்டும். ஆக, கார் நகராமல் இருக்க உங்களிடம் இருப்பது முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வைக்கும் கட்டைகள் மட்டும்தான். சமதளமான கெட்டித் தரையில், 4 கட்டைகளையும் நெருக்கி வைத்த பிறகே ஜாக்கியைத் தொடுங்கள்.

சக்கர நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிடுங்கள். அப்புறம் உருண்டைக்கடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, குழாய்களுக்கடியில், ஸ்பிரிங் உட்காரும் இடத்தை ஒட்டி ஸ்டாண்டுகளை வையுங்கள். குழாயை ஒட்டி ஓடும் பிரேக் பைப்பை ஸ்டாண்டு நசுக்காமல் பாருங்கள். வேலை செய்யும் பக்கத்தை மற்றதைவிடக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் எண்ணெய் மறுபக்கம் ஒதுங்கிவிடும். தகடு வகையில் எண்ணெயை வடிக்காமலே ஷாஃப்டை உருவிவிடலாம். தூக்கி நிறுத்திய பிறகு காரைத் தோளால் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் இறக்கி மறுபடி வையுங்கள்.

அடுத்து, எண்ணெய் ஊற்றும் அடைப்பானைத் திறந்து பாருங்கள். வடிக்கும் முன்பே! பல வருடம் தொடாத அடைப்பான் சில சமயம் அசையாது. எண்ணெயை வடித்த பிறகு அது தெரிந்தால், ஊற்ற வழியில்லாத காரோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

சக்கரத்தையும் டிரம்மையும் எடுக்கலாம். டிரம் வர மறுத்தால் ஷூவின் அட்ஜஸ்டரைப் பின்னோக்கித் தளர்த்துங்கள். பல டிரம்களில் மரை போட்ட 2 துளைகள் இருக்கும், அவற்றில் போல்டை மாறி மாறி முடுக்கினால் டிரம்மே தன்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், காற்றடித்தும் விரட்டாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், அது நுரையீரலுக்குக் கெடுதல். கிளீனரை நனைய அடித்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். டிரம் வெளியே இருக்கும்வரை யாரும் பிரேக் பெடலை மிதிக்கக் கூடாது, மிதித்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும். டிஸ்க் பிரேக் என்றால் கேலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ரப்பர் ஹோஸில் தொங்கக் கூடாது.

தகடு வகை

ஃபிளேஞ்சில் ஒரு பெரிய துளை இருக்கும். அதைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்தால், பின்னால் இருக்கும் 4 நட்டுகளும் ஒவ்வொன்றாக அந்தத் துளைக்கு நேரே வரும். முந்தைய நாள் இரவே அவற்றில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் நட்டுகள் சுலபமாகச் சுழலும்.

நான்கையும் கழற்றிவிட்டு, ஸ்லைடு சுத்தியை ஃபிளேஞ்சில் பொருத்தி, இரண்டு மூன்று முறை இழுத்து அடித்தால் பேரிங்கோடு ஷாஃப்ட் வெளியே வரும். ஸ்லைடு சுத்தி இல்லாவிட்டால் பழைய தலைமுறை மெக்கானிக்குகளின் வழி ஒன்று இருக்கிறது. டிரம்மைத் திருப்பிப் பிடித்து, சக்கர நட்டுகளைச் சில சுற்று மட்டும் போட்டு, டிரம்மை நம் பக்கமாக வேகமாக இழுத்தால் அதுவே சுத்தி போல அடிக்கும். எனக்கு இந்த வழி இரண்டு முறை வேலை செய்திருக்கிறது. ஆனால் துருப்பிடித்த பேரிங்குக்கு இது போதாது. ஷாஃப்ட் நகரத் தொடங்கியதும் இரண்டு கையாலும் தாங்கி நேராக உருவுங்கள். உருவிய கையோடு, பிரேக் தகட்டை ஒரு நட்டு போட்டு நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அதன் பாரம் பிரேக் பைப்பை வளைக்கும்.

இப்போது பேரிங். புதிய ஷாஃப்டோடு பேரிங்கும் காலரும் ஏற்றியே வந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். இல்லையென்றால் இந்த ஒரு வேலையை லேத் பட்டறையில் கொடுங்கள் என்பதுதான் என் கருத்து. பேரிங்கை ஏற்ற டன் கணக்கில் அழுத்தும் ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். சுத்தியால் அடித்து ஏற்றிய பேரிங்கின் உள்ளே உருளைகள் பாதையில் பள்ளம் விழுத்தியிருக்கும். சில நூறு கிலோமீட்டரில் பழைய உறுமல் திரும்பி வரும்.

பட்டறையில் கொடுத்தாலும் பக்கத்தில் நில்லுங்கள். கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது வரிசை. தகடு முதலில், தேவையான மாடலில் வெளிச் சீல் அடுத்து, பிறகு பேரிங், கடைசியில் காலர். தகட்டைப் போட மறந்து பேரிங்கை ஏற்றிவிட்டால், ஃபிளேஞ்சுக்கும் பேரிங்குக்கும் இடையே அதை நுழைக்க வழியே இல்லை. ஏற்றிய பேரிங்கையும் காலரையும் அழித்துத்தான் எடுக்க வேண்டும். நான் முதன்முதலில் செய்தபோது இப்படித்தான் ஒரு புது பேரிங்கும் ஒரு முழு நாளும் போயின. இப்போதெல்லாம் பட்டறைக்குப் போகும் முன் வீட்டிலேயே தகட்டை ஷாஃப்டில் மாட்டி, கயிற்றால் ஃபிளேஞ்சோடு கட்டிவிடுகிறேன்.

இரண்டாவது, பேரிங்கையும் காலரையும் ஒன்றாக வைத்து அழுத்தக் கூடாது. பேரிங் முழுதாக உட்கார்ந்த பிறகு காலரைத் தனியாக அழுத்த வேண்டும். அழுத்தம் பேரிங்கின் உள்வளையத்தில் மட்டும் விழ வேண்டும். மூன்றாவது, காலர் ஏறும்போது நல்ல இறுக்கம் தெரிய வேண்டும். கையாலேயே நழுவி ஏறினால் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது, அது கழிவுதான். அந்த இடத்தில் பஞ்ச் அடித்துச் சொரசொரப்பாக்கியோ, காலரை வெல்டிங்கால் ஒட்டியோ சமாளிக்கும் பழக்கம் பரவலாக உண்டு. அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். வெல்டிங் சூடு ஷாஃப்டின் பதத்தைக் கெடுத்துவிடும், அந்த இடத்திலேயே பின்னாளில் முறியும். சக்கரம் ஷாஃப்டிலும், ஷாஃப்ட் காலராலும், காலர் பேரிங்காலும், பேரிங் தகட்டாலும் நிற்கின்றன. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் ஓடும் காரிலிருந்து சக்கரமும் ஷாஃப்டும் சேர்ந்து வெளியே வரும்.

பழைய ஷாஃப்டையே மறுபடி பயன்படுத்திப் பேரிங்கை மட்டும் மாற்றுபவர்கள், காலரில் பக்கவாட்டில் டிரில்லால் முக்கால் ஆழத்துக்குத் துளைத்து, அங்கே உளியை வைத்து ஒரு அடி போட்டால் காலர் பிளந்துகொள்ளும். டிரில் ஷாஃப்டைத் தொடவே கூடாது. ஒரு சின்னக் கீறல் போதும், விரிசல் அங்கிருந்து தொடங்கும்.

கிளிப் வகை

இங்கே எண்ணெயை வடித்தாக வேண்டும். பின்மூடியின் போல்டுகளைக் கழற்றும்போது மேலே இருக்கும் இரண்டை மட்டும் சில சுற்று தளர்த்தி அப்படியே விடுங்கள். மூடியின் கீழ் விளிம்பை நெம்பினால் எண்ணெய் தட்டில் இறங்கும், மூடி மேலே வந்து விழாது. வடிந்த எண்ணெயில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். மை போன்ற மெல்லிய துகள் இயல்பு. சில்லுகளாக வந்தால் பற்கள் உடைந்திருக்கின்றன, அப்போது ஷாஃப்டோடு வேலை முடியாது.

உள்ளே பெரிய கிரவுன் சக்கரமும், நடுவில் எதிரெதிராகச் சின்னப் பல்சக்கரங்களும் தெரியும். அந்தச் சின்னச் சக்கரங்கள் இரண்டையும் கோத்து ஒரு கெட்டியான முள் குறுக்கே போகிறது. அந்த முள் நழுவாமல் ஒரு மெல்லிய லாக் போல்ட் பிடித்திருக்கும். அது தெரியும்வரை சக்கரப் பக்கத்தைக் கையால் சுற்றிக்கொண்டுவந்து நிறுத்துங்கள். இந்த லாக் போல்டைக் கழற்றுவதில் பொறுமை வேண்டும். சரியான அளவு ஸ்பானரை முழுதாக உட்காரவைத்து, திடீரென்று இழுக்காமல் நிதானமாக அழுத்துங்கள். இது முறிந்தால், உள்ளே மாட்டிய துண்டைத் துளைத்து எடுப்பது அரை நாள் வேலை.

லாக் போல்ட் வந்ததும் முள்ளை உருவுங்கள். முள் வெளியே வந்துவிட்டால், மறுபடி போடும்வரை சக்கரத்தையோ புரொபெல்லர் ஷாஃப்டையோ யாரும் சுற்றக் கூடாது. சுற்றினால் சின்னப் பல்சக்கரங்கள் இடம்பெயர்ந்து உருண்டு வெளியே வரும். வாஷர்களோடு அவற்றைத் திரும்ப நேராக்குவது புதியவருக்குச் சிரமம்.

ஒருவர் வெளியே ஃபிளேஞ்சை உள்நோக்கித் தள்ளட்டும். ஷாஃப்ட் ஒரு விரற்கடை உள்ளே வந்ததும், அதன் முனையில் இருக்கும் கிளிப் பல்சக்கரத்தின் குழியிலிருந்து வெளிப்படும். காந்தத்தால் எடுத்து டப்பாவில் போடுங்கள். அவ்வளவுதான், இனி ஷாஃப்ட் கையோடு வரும். ஸ்லைடு சுத்தி தேவையே இல்லை. தேவைப்படுகிறது என்றால் எதையோ கழற்ற மறந்திருக்கிறீர்கள்.

இந்த வகையில் பேரிங் குழாய்க்குள் தங்கிவிடும். அதன் உருளைகள் நேராக ஷாஃப்டின் மேற்பரப்பில் ஓடுகின்றன, அதனால்தான் பேரிங் கெட்டால் ஷாஃப்டும் சேர்ந்து கெடுகிறது. ஷாஃப்டில் அந்த இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் தட்டினால், புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால், புது ஷாஃப்ட்தான். பேரிங் ஓடும் இடத்தைச் சற்று நகர்த்தி வைக்கும் ரிப்பேர் பேரிங்குகளும் கிடைக்கின்றன, புது ஷாஃப்ட் வரும்வரை சமாளிக்க அவை உதவும். பழைய பேரிங்கை ஸ்லைடு சுத்தியில் கொக்கி மாட்டி உருவுங்கள். புதியதை அதன் வெளிவளையத்தில் படும் அளவுள்ள குழாய்த் துண்டையோ சாக்கெட்டையோ வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள்.

உடைந்த ஷாஃப்ட் என்றால்

வெளித்துண்டு சுலபமாக வரும், உள்துண்டு குழாய்க்குள் இருக்கும். வெளிப்பக்கம் நீண்டிருந்தால் கம்பி வளையத்தாலோ காந்தத்தாலோ இழுத்துவிடலாம். ஸ்பிளைனுக்குள்ளேயே முறிந்திருந்தால், மறுபக்க ஷாஃப்டையும் எடுத்துவிட்டு, அந்த வழியாக நீளக் கம்பியை விட்டுத் தள்ளலாம். நடுவில் குறுக்கு முள்ளோ தடுப்புக் கட்டையோ இருக்கும் மாடலில் கம்பி போகாது. டிஃபரன்ஷியலைத் திறக்கத்தான் வேண்டும். துண்டுகளை வெளியே வைத்துப் பொருத்திப் பாருங்கள். ஒரு சில்லு குறைந்தாலும் அது உள்ளே பற்களுக்கிடையில் காத்திருக்கிறது என்று அர்த்தம். குழாயையும் உருண்டையையும் நன்றாகக் கழுவி எடுங்கள்.

உடைந்த முகத்தையும் கவனியுங்கள். ஒரு ஓரத்தில் கிளிஞ்சல் போல வரிவரியாக, பழுப்பேறி இருந்தால் விரிசல் நெடுநாளாக வளர்ந்து வந்திருக்கிறது. முழுவதும் பளபளவென்று புதிதாக இருந்தால் ஒரே அதிர்ச்சியில் போயிருக்கிறது. முதல் வகையென்றால் மறுபக்க ஷாஃப்டையும் உருவிப் பார்த்துவிடுங்கள், அதுவும் அதே வயதுதான். ஸ்பிளைன் பற்கள் ஷாஃப்டின் நீளத்துக்கு நேராக இல்லாமல் முறுக்கிக்கொண்டிருந்தால், அது உடையாமல் இருந்தாலும் போடக் கூடாது.

சீல்

சின்னப் பொருள், ஆனால் திரும்பவும் இந்த வேலையைச் செய்யவைப்பது பெரும்பாலும் இதுதான். பழையதைக் கொக்கியால் நெம்பி எடுங்கள், குழாயின் உட்சுவரைக் கீறிவிடாதீர்கள். உட்காரும் இடத்தைத் துடைத்து, துரு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி துடையுங்கள். சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கி, அதாவது உள்நோக்கி இருக்க வேண்டும். சீலின் வெளிவிட்டத்துக்குச் சமமான சாக்கெட்டை வைத்து, சுற்றிச் சுற்றிச் சிறு தட்டுகளாக, கோணாமல் இறக்குங்கள். ஷாஃப்டைத் தொடும் உள்விளிம்பில், அதாவது சீலின் உதட்டில், கொஞ்சம் கியர் ஆயில் தடவுங்கள். காய்ந்த சீலில் ஷாஃப்ட் சுழன்றால் முதல் சில நிமிடத்திலேயே உதடு கருகிவிடும்.

திரும்பப் பொருத்துதல்

இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஷாஃப்டின் பாரம் சீலின்மேல் ஒரு நொடிகூடத் தங்கக் கூடாது. கூரான ஸ்பிளைன் பற்கள் உதட்டைக் கிழித்துவிடும். ஒரு கையால் நடுவில் தாங்கி, நேராக, மெதுவாக உள்ளே விடுங்கள். முனை பல்சக்கரத்தைத் தொட்டதும் நிற்கும். அங்கே தள்ளாதீர்கள். முனையைக் கொஞ்சம் உயர்த்தி, ஃபிளேஞ்சை மெல்ல இப்படியும் அப்படியும் சுற்றுங்கள். பல் பல்லில் விழுந்ததும் ஷாஃப்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போவது கையிலேயே தெரியும். வழுக்காமல் செல்ல உதவும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உள்ள கார்களில், ஒரு ஷாஃப்ட் வெளியே இருக்கும்போது மறுபக்கச் சக்கரத்தைச் சுற்றாதீர்கள். உள்ளே இருக்கும் தட்டுகளின் பற்கள் வரிசை தவறிவிடும்.

தகடு வகையில் பேரிங் முழுதாகக் குழாய்க்குள் உட்கார்ந்த பிறகு நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். கூம்பு உருளைப் பேரிங் உள்ள மாடலில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும், எடுத்த வரிசையிலேயே திரும்பப் போடுங்கள். உள்-வெளி அசைவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை மேனுவல் சொல்லும், மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குதான். அதை அளக்க டயல் கேஜ் வேண்டும்.

கிளிப் வகையில் கிளிப்பைக் காடியில் மாட்டிவிட்டு, ஃபிளேஞ்சை வெளியே இழுங்கள். கிளிப் பல்சக்கரத்தின் குழிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இதன்பிறகு குறுக்கு முள்ளைப் போட்டால், ஷாஃப்ட் உள்நோக்கி நகர முடியாது. உள்நோக்கி நகராதவரை கிளிப் குழியைவிட்டு வராது. ஆக அந்த முள்ளும், முள்ளைப் பிடிக்கும் லாக் போல்டும்தான் சக்கரத்தைக் காக்கின்றன. லாக் போல்டைப் புதிதாக வாங்கி, மரையில் லாக் பசை தடவி, மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். மூடியின் இரண்டு முகங்களையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்த பிறகே சிலிக்கான் பசை. ட்யூபில் போட்டிருக்கும் நேரம்வரை காயவிட்டு, அப்புறம் எண்ணெய்.

எண்ணெய் எது என்று மேனுவல் சொல்வதை ஊற்றுங்கள். பெரும்பாலான பழைய கார்களுக்கு ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 போலக் கெட்டியான கியர் ஆயில் பொருந்தும். லிமிடெட் ஸ்லிப் இருந்தால் அதற்கான சேர்மானமும் வேண்டும். ஊற்றும்போது கார் சமமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் உயர்த்தி வைத்தது நினைவிருக்கட்டும், அதைச் சரிசெய்யுங்கள். துளையின் விளிம்பில் எண்ணெய் கசியத் தொடங்கினால் போதும் என்று பொருள்.

பிரேக் ஷூவில் எண்ணெய் பட்டிருந்தால் கழுவிப் போடாதீர்கள், ஊறிய ஷூ சூடானதும் எண்ணெயைத் திரும்பக் கக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் புது ஷூ போடுங்கள். டிரம்மை மாட்டி, அட்ஜஸ்டரைச் சரிசெய்யுங்கள்.

இறக்குவதற்கு முன் கியரை நியூட்ரலில் வைத்து ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் மறுசக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். இரண்டும் உரசலோ தட்டலோ இல்லாமல் ஓட வேண்டும். பிறகு சக்கர நட்டுகளைக் குறுக்காக முடுக்கி, காரை இறக்கி, தரையில் வைத்து டார்க் ரெஞ்சால் கடைசி அளவு கொடுங்கள். முதலில் நின்ற இடத்திலேயே பெடலைச் சில முறை மிதித்து, கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி, மெதுவாக, 5 கிலோமீட்டர் போதும். நிறுத்தி இறங்கி, இரண்டு பின்சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் ஷூ உரசுகிறது, அல்லது பேரிங் நெருக்கப்படுகிறது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். ஷாஃப்ட் உடைந்து மாற்றியிருந்தால் 500 கிலோமீட்டரில் கியர் ஆயிலை ஒருமுறை வடித்து, காந்தத்தை விட்டுப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து ஒரு காலையில், காரை எடுக்கும் முன், பிரேக் தகட்டின் கீழ் விளிம்பில் வெள்ளைத் துணியால் ஒரு துடை துடையுங்கள். துணி காய்ந்தே வந்தால் சீல் சரியாக உட்கார்ந்துவிட்டது.